உங்களுக்குத் தெரியுமா? மருந்து போடும் பொய்வேடம்

எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்ற ரத்தப் புற்றுநோயாளியின் ரத்தத்தில், ‘பிளாஸ்ட்’ எனப்படும் முதிராத அணுக்கள் தென்பட்டால் நோய் திரும்பிவிட்டதோ என்ற ஐயம் எழுவது இயல்பே என்றாலும், வெள்ளணு உற்பத்தியைத் தூண்ட ஊசியாகச் செலுத்தப்படும் ஃபில்கிராஸ்டிம் என்னும் மருந்தும் மஜ்ஜையை முடுக்கி, இளம் அணுக்களை முதிர்வதற்கு முன்பே ரத்தத்துக்குள் தள்ளி, அதே தோற்றத்தைத் தற்காலிகமாக உண்டாக்கக்கூடும். நேர்மாறான மயக்கமும் உண்டு: சைட்டோமெகலோ வைரஸை அடக்கும் கான்சிக்ளோவிர் மஜ்ஜையின் வேகத்தைக் குறைத்து அணு எண்ணிக்கையைச் சரியச் செய்யும்போது, அதுவும் நோய் திரும்புவதன் முதல் அறிகுறி போலவே காட்சியளிக்கிறது.

இவற்றைவிட அச்சமூட்டுவது, கொடையாளரின் தடுப்பாற்றல் அணுக்கள் நோயாளியின் உடலைத் தாக்காதிருக்கத் தரப்படும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகியவற்றால் சிலருக்கு நேரும் மூளை வீக்கமாகும். தலைவலி, வலிப்பு, பார்வை மங்கல் ஆகிய அதன் அறிகுறிகள் புற்றுநோய் மூளையைத் தொட்டுவிட்டதாக எண்ணவைத்தாலும், எம்.ஆர்.ஐ. படத்தில் வீக்கம் பெரும்பாலும் மூளையின் பின்பகுதியில் அமைவதும், மருத்துவர் மருந்தை மாற்றியதும் பலர் தேறிவிடுவதும் அதன் உண்மை முகத்தைக் காட்டிவிடுகின்றன.

நோய் திரும்பிவிட்டதா என்ற ஐயத்தைத் தெளிவுபடுத்த, ரத்த அணுக்களில் கொடையாளருடையவை எத்தனை விழுக்காடு, நோயாளியின் பழைய அணுக்கள் எத்தனை விழுக்காடு என மரபணு அடையாளத்தால் கணக்கிடும் சோதனைக்குக் ‘கைமெரிசம்’ சோதனை என்று பெயர்; சிங்கமும் ஆடும் பாம்பும் ஓருடலில் கலந்த கிரேக்கப் புராண விலங்கின் பெயரிலிருந்து, பொருத்தமாகவே, அச்சொல் பிறந்தது.