ஒரு மில்லிலிட்டரில் ஏரியின் கணக்கு

ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் வந்து சேரும் செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. சென்னைக்குக் குடிநீராகும் இந்த நீரில் மிதக்கும் நுண்பாசிகளையும் நுண்விலங்குகளையும் மிதவை உயிரிகள் என்பர். அவை பெருகினால் சுத்திகரிப்பு வடிகட்டிகள் அடைபடும். நீரில் வாடை ஏறும். எனவே எண்ணிக்கை தெரிய வேண்டும்.

பாசி மாதிரியில் லுகால் அயோடின் கரைசல் சேர்க்கப்படுகிறது. அது பாசியைக் கெடாமல் காத்து, அடியில் படியவும் வைக்கிறது. நுண்விலங்குகளை மெல்லிய வலையில் வடித்து ஃபார்மலினில் வைப்பார்கள்.

அடுத்தது துணைமாதிரி எடுத்தல். முழுக் கவனத்தையும் கேட்பது இந்தப் படியே. கலக்காமல் விட்டால் கனமானவை அடியில் தங்கும். முரட்டுத்தனமாகக் குலுக்கினால் பாசித் திரள்கள் சிதையும். மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தி, நீர் அசைவு அடங்கும் முன்பே பிப்பெட்டில் எடுக்க வேண்டும்.

செட்ஜ்விக்-ராஃப்டர் எண்ணும் தகட்டின் குழி 50 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலம், 1 மி.மீ. ஆழம் கொண்டது, சரியாக 1 மில்லிலிட்டர் கொள்ளும். 100 லிட்டர் ஏரிநீரை வடித்து 50 மில்லிலிட்டராகச் சுருக்கி, அதில் 1 மில்லிலிட்டரில் 100 நுண்விலங்குகள் தென்பட்டதாகக் கொள்வோம். 100-ஐ 50-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால், லிட்டருக்கு 50.

இதை முடிந்த முடிவாகக் கொள்ளக் கூடாது. உயிரிகள் சீரற்றுப் பரவியிருந்தால், 100 எண்ணியதில் ஏறத்தாழ 20 விழுக்காடு கூடலாம், குறையலாம். அதாவது லிட்டருக்கு 40 முதல் 60 வரை. 400 எண்ணினால் பிழை 10 விழுக்காடாகும். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு உழைப்பு தேவை.

மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பச்சைப் பாசி மேற்பரப்பில் திரண்டு, காற்றோடு ஒரு கரையில் ஒதுங்கும். அங்கு மட்டும் நீர் எடுத்தால், ஆய்வகத்தில் எவ்வளவு கவனமாக எண்ணினாலும் ஏரியின் அளவு கிடைக்காது. பல இடங்களிலும் ஆழங்களிலும் மாதிரி எடுப்பது இதற்காகவே.