மஞ்சக்குப்பம் கேஸ் கட்டு எங்கே?

ஆபிரகாம் லிங்கனின் உயரமான தொப்பியைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அது தொப்பி மட்டுமல்ல, ஆபீஸ் பீரோ! கடிதம், கட்சிக்காரர் கொடுத்த காகிதம் எல்லாவற்றையும் அதற்குள்தான் செருகிக்கொண்டு போவாராம் வக்கீல் லிங்கன். ஆபீஸிலும் ஒரு கட்டின் மேல், வேறெங்கும் அகப்படாவிட்டால் இதில் தேடவும் என்று எழுதி வைத்திருந்தாராம். நம்ம ஊர் வக்கீல் குமாஸ்தா பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

அப்பேர்ப்பட்ட ஆசாமியின் காகிதங்களையே அமெரிக்காக்காரர்கள் விடவில்லை. 1985ல் ஆரம்பித்து, இல்லினாய் மாநிலத்துக் கோர்ட்டுக் கட்டுகளையெல்லாம் தூசி தட்டி, 5,000க்கும் மேற்பட்ட வழக்குகளைத் தேடியெடுத்து, 2000ல் டிவிடியாகவே போட்டுவிட்டார்கள். பாதிக்கு மேல் கடன் பாக்கி கேஸ்கள்!

லிங்கன் இறந்து நாலு வருஷத்தில் நம்ம கடலூர் மஞ்சக்குப்பத்திலும் ஒரு கேஸ் நடந்தது. ஒரு பக்கம், 1864ல் சிதம்பரத்தில் சைவப் பள்ளிக்கூடம் வைத்த யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். இன்னொரு பக்கம், சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்த வள்ளலார். வள்ளலாரின் பாடல்கள் 1867ல் 'திருவருட்பா' என்று அச்சேறின. "தேவார திருவாசகம்தான் அருட்பா, இது மருட்பா" என்று நாவலர் தரப்பு பொங்கியது. கண்டனப் புத்தகங்கள் பறந்தன. 1869ல் சிதம்பரம் கோயிலில் நடந்த கூட்டத்தில் தன்னை இழிவாகப் பேசினார்கள் என்று, வள்ளலார் மீதும் தீட்சிதர்கள் சிலர் மீதும் நாவலர் கோர்ட்டுக்குப் போய்விட்டார்.

தீர்ப்பு? இங்கேதான் வேடிக்கை. வடலூர்ப் பக்கம் கேட்டால், "வள்ளலார் உள்ளே நுழைஞ்சதும் கோர்ட்டே எழுந்து நின்னுச்சுங்க. நாவலரும் தன்னையறியாம எழுந்துட்டாரு. அப்புறம் என்ன, கேஸ் தள்ளுபடி!" என்பார்கள். நாவலர் சரித்திரம் எழுதியவர்கள் கணக்கில் ஜெயித்தது நாவலர். தீட்சிதர் ஒருவருக்கு அபராதம். இரண்டு தரப்பும் நேரில் பார்த்த மாதிரிதான் சொல்கிறது. கோர்ட்டுக் காகிதத்தைக் காட்டிப் பேசுகிறவர்தான் அபூர்வம்.

கோர்ட்டுக் கட்டுக்கும் ஆயுசு உண்டு சார். வேண்டாத பழைய கட்டுகளை ஒழித்துக்கட்ட விதி செய்துகொள்ளலாம் என்று ஹைகோர்ட்டுகளுக்கு 1917ல் சட்டமே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஜில்லா நிர்வாகக் காகிதங்களாவது எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய்ப் பிழைத்தன.

ஆனால் வள்ளலாரின் கடிதங்கள் தப்பின. புண்ணியம் இறுக்கம் இரத்தின முதலியாருக்கு! பாட்டுக் கட்டு வந்து சேரும்வரை ஒருவேளைதான் சாப்பிடுவேன் என்று அடம்பிடித்து அருட்பாவை அச்சுக்கு வாங்கிய மனுஷர் அவர். தனக்கு வந்த கடிதங்களையும் பத்திரமாக வைத்திருந்தார். 'இராமலிங்கசாமி' என்று தன் பெயரைப் போடுவது ஆடம்பரம், வேண்டாம் என்று வள்ளலார் மறுத்தது நமக்குத் தெரிவதே அந்தக் கடிதத்தால்தான்.

பழைய காகிதம் யாருக்கு வேண்டும் என்கிறீர்களா? 2024ல் வடலூர் ஞானசபைப் பெருவெளியில் அரசு சர்வதேச மையம் கட்டப்போனது. "எங்க முன்னோர் வள்ளலாருக்குத் தானமா கொடுத்த நிலம்" என்று பார்வதிபுரத்து ஜனங்கள் மறித்தார்கள். விஷயம் ஹைகோர்ட்டுக்குப் போனது. யார் கொடுத்தது, எல்லை எதுவரை என்று நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தின சங்கதியெல்லாம் மறுபடி பேச்சுக்கு வந்தது.

கடலூர், சிதம்பரம் வாசகர்களே! தாத்தா வக்கீலாகவோ குமாஸ்தாவாகவோ இருந்து, பரணில் தகரப்பெட்டி ஏதாவது கிடந்தால், போகிக்கு முந்தின நாள் ஒரு தடவை திறந்து பாருங்கள்.