ரூமுக்குள் ஒரே ஒரு கஞ்சா செடி: சட்டம் யாரையெல்லாம் பிடிக்கும்?

"ஒரே ஒரு பூச்சட்டிதானே, அதுவும் ரூமுக்குள்ள. யாருக்குத் தெரியப் போகுது?"

கஞ்சா வளர்ப்பு வீடியோக்களைப் பார்க்கும் இளைஞர்கள் சிலருக்கு இப்படித் தோன்றலாம். ஆனால், அவற்றில் பல கனடா போன்ற, சட்டம் இடம் கொடுக்கும் நாடுகளில் எடுக்கப்பட்டவை. மலேசியாவில் கதையே வேறு. இங்கே சிக்குவது செடியை நட்டவர் மட்டுமல்ல.

கெர்லிங் போன்ற ஊர்களில் பிள்ளைகள் ரவாங், கோலாலம்பூர் என வேலைக்குப் போய்விட, தாமான் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் பெற்றோர் உண்டு. அவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 6பி பிரிவு, கஞ்சா செடி வளர்ப்பதைத் தடை செய்கிறது. குற்றம் நிரூபிக்கப்பட்டால் ஆயுள் சிறை, குறைந்தது 6 பிரம்படி. ஆயுள் சிறை என்றால் இங்கே 30 ஆண்டுகள்.

ஒரு செடி என்றால் தண்டனை குறையுமா?

குறையாது. இத்தனை செடி வரை பரவாயில்லை என்று இந்தப் பிரிவில் சலுகை எதுவும் இல்லை. தோட்டமா, வீட்டு அறையா என்ற வேறுபாடும் இல்லை.

"செடி என்னோடது இல்லை" என்றால்?

பலருக்குத் தெரியாத இடம் இதுதான். தனக்குச் சொந்தமான அல்லது தான் குடியிருக்கும் இடத்தில் கஞ்சா வளர்க்க அனுமதிப்பதும் அதே பிரிவின் கீழ் குற்றம். மேலும், ஓர் இடத்தில் செடி கண்டெடுக்கப்பட்டால், அதை நட்டவர் அங்கே குடியிருப்பவர் என்றே சட்டம் அனுமானிக்கும். வேறு யாரும் குடியில்லை என்றால் உரிமையாளர். அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவர் தலையில் விழும். மகன் ரூமில் வளர்த்தாலும் அப்பா அம்மா விசாரணையைச் சந்திக்க நேரலாம்.

அறுவடை செய்துவிட்டால்?

அது தனிக் குற்றம். 50 கிராமும் அதற்கு மேலும் வைத்திருந்தால் குறைந்தது 5 ஆண்டு சிறையும் 10 பிரம்படியும். 200 கிராமை எட்டினால் கடத்தல் என அனுமானிக்கப்படும். 2023 ஜூலை முதல் கட்டாய மரண தண்டனை இல்லை. ஆனால் மரண தண்டனை விதிக்கும் அதிகாரம் நீதிபதியிடம் இன்னும் இருக்கிறது.

தாய்லாந்தில் விட்டுவிட்டார்களே?

2022 ஜூனில் தாய்லாந்து கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது உண்மை. 2025 ஜூனில் கஞ்சா பூ வாங்க மருத்துவர் சீட்டு வேண்டும் என மீண்டும் கட்டுப்படுத்தியது. எப்படியிருந்தாலும் அந்தச் சட்டம் எல்லைக்கு இந்தப் பக்கம் செல்லாது.

"மருந்துக்குத்தான் வளர்க்கிறேன்" என்றால்?

பதிவு பெற்ற கஞ்சா மருந்துக்கு வழி இருப்பதாக 2021-இல் சுகாதார அமைச்சு நாடாளுமன்றத்தில் விளக்கியது. அது முறைப்படி பதிவு செய்து, அனுமதி பெற்றுக் கொண்டுவரும் மருந்துக்கு. வீட்டில் வளர்ப்பதற்கு அல்ல.

வாடகைக்கு விட்டிருப்பவர்கள் என்ன செய்யலாம்?

- வாய்ப்பேச்சோடு விடாமல், எழுத்துப்பூர்வமாக ஒப்பந்தம் போட்டு, முத்திரை வரி கட்டுங்கள். வீட்டில் குடியிருப்பது யார் என்பதற்கு அதுவே சான்று.
- குடியிருப்பவரின் அடையாள அட்டை நகலை வாங்கி வையுங்கள்.
- முன்கூட்டியே சொல்லிவிட்டு அவ்வப்போது வீட்டைப் போய்ப் பாருங்கள்.
- ஜன்னல் எல்லாம் எப்போதும் மூடியிருக்கிறதா? மின் கட்டணம் திடீரென எகிறுகிறதா? கடுமையான வாடை வருகிறதா? இவை மட்டுமே ஆதாரம் ஆகாது. ஆனாலும் விசாரித்துப் பார்ப்பதில் தவறில்லை.
- செடியைப் பார்த்துவிட்டால் தொடாதீர்கள், பிடுங்காதீர்கள். உடனே போலீசில் புகார் செய்யுங்கள்.

கைது செய்யப்பட்டால்?

காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள, வழக்கறிஞரை அணுக, குடும்பத்துக்குத் தகவல் சொல்ல உரிமை உண்டு. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இதுபோன்ற குற்றத்துக்குத் தடுப்புக் காவல் மொத்தம் 14 நாள் வரை போகலாம். வழக்கறிஞருக்குக் கட்ட காசில்லை என்றால், ஒய்.பி.ஜி.கே எனப்படும் தேசிய சட்ட உதவி அறவாரியம் மலேசியர்களுக்கு இலவசமாக உதவுகிறது.

பழக்கத்தை விட முடியாமல் தவிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், ஏ.ஏ.டி.கே எனப்படும் தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்திடம் தானாகவே முன்வந்து சிகிச்சை கேட்கலாம். போலீஸ் கதவைத் தட்டும் வரை காத்திருக்க வேண்டாம்.