ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் வாய் பாக்டீரியாக்கள்: ஈறு நோய்க்கு அடித்தளமாகும் ஒட்டுப் புரதங்கள்

மனிதர்களின் வாயில் 700-க்கும் மேற்பட்ட பாக்டீரியா இனங்கள் இதுவரை கண்டறியப்பட்டுள்ளன. உமிழ்நீர் ஓயாமல் சுரந்து விழுங்கப்படுவதால், எங்கும் ஒட்டாத பாக்டீரியா வயிற்றுக்குள் அடித்துச் செல்லப்பட்டுவிடும். வாயில் அவை நிலைத்திருக்க உதவுபவை, அவற்றின் மேற்பரப்பில் உள்ள ஒட்டுப் புரதங்களாகும்.

பல் துலக்கிய சில நிமிடங்களிலேயே உமிழ்நீரின் புரதங்கள் எனாமல் மீது மெல்லிய படலமாகப் படிகின்றன. ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஆக்டினோமைசஸ் வகை பாக்டீரியாக்கள் முதலில் இப்படலத்தைப் பற்றிக்கொள்கின்றன. பின்னர் வரும் இனங்கள் பல்லின் மீது அல்லாமல், முன்பே குடியேறியவற்றின் மீது ஒட்டுகின்றன.

ஓர் இனத்தின் புரதம், மற்றோர் இனத்தின் மேற்பரப்பில் உள்ள சர்க்கரை மூலக்கூறுடனோ புரதத்துடனோ பூட்டும் சாவியும் போலப் பொருந்துகிறது. இரு வேறு இனங்களைக் கலந்தால் அவை கட்டிகளாகத் திரள்வதை ஆய்வாளர்கள் கிப்பன்ஸ், நைகார்ட் ஆகியோர் 1970-இல் பதிவு செய்தனர். லாக்டோஸ் சேர்த்ததும் இத்தகைய கட்டிகளில் சில பிரிந்துவிடுவது, அந்தப் பிணைப்பில் சர்க்கரையின் பங்கை உணர்த்துகிறது.

இதில் ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் பாலம் போலச் செயல்படுகிறது. 'ராட்-டி' உள்ளிட்ட புரதங்களின் உதவியால் அது முதலில் குடியேறிய இனங்களையும் பின்னர் வரும் இனங்களையும் இணைக்கிறது. ஈறு நோயுடன் தொடர்புடைய போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ், மயிரிழை போன்ற நீட்சிகளால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கோர்டோனியையைப் பற்றுகிறது. ஆக்சிஜன் ஆகாத இவ்வினத்துக்கு, ஆக்சிஜன் குறைந்த படலத்தின் உட்பகுதி புகலிடமாகிறது.

படலம் தடித்தால் ஈறு வீங்கி இரத்தம் கசியும். நோய் முற்றினால் பல்லைத் தாங்கும் எலும்பு அரிக்கப்பட்டு, பல்லே விழக்கூடும். பாதிப்பு வாயோடு நிற்பதில்லை. ஃபியூசோபாக்டீரியம் தனது 'ஃபாப்-2' புரதத்தின் மூலம் பெருங்குடல் புற்றுக்கட்டிகளிலும் ஒட்டிக்கொள்வதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

எனவே, பாக்டீரியாக்களைக் கொல்லாமல் இந்தப் பிணைப்பை மட்டும் தடுக்கும் வழிகள் ஆராயப்படுகின்றன. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் புரதத்தின் ஒரு சிறு பகுதியை ஒத்த பெப்டைடு, எலிகளில் எலும்பு இழப்பைக் குறைத்துள்ளது.

படலத்துக்குள் இருக்கும் பாக்டீரியாக்களைக் கிருமிநாசினிகள் எளிதில் சென்றடைவதில்லை. ஆகவே, வாய் கொப்பளிப்பது மட்டும் போதாது. தினமும் இருமுறை துலக்கி, பல்லிடுக்குகளையும் தூய்மை செய்து படலத்தைத் தேய்த்து அகற்றுவது அவசியம். அகற்றப்படாத படலம் உமிழ்நீரிலுள்ள கால்சியத்தால் காரையாக இறுகிவிட்டால், அதனைப் பல் மருத்துவரே நீக்க இயலும்.