மாசி, பங்குனியில் ஏலப்பாறைப் பக்கம் நடக்கப் போகிறீர்களா?

மழை குறைவு, அட்டைக்கடி கிடையாது, காலையில் இதமான குளிர். மாசி, பங்குனியில் மலையேறலாமா என்று கேட்டால் யாரும் ‘தாராளமாக’ என்றுதான் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் எங்கே நடப்பது, எத்தனை மணிக்குள் இறங்குவது என்பதைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள்.

ஏலப்பாறை எங்கே இருக்கிறது? இடுக்கி மாவட்டம் பீருமேடு வட்டத்தில், குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனை போகிற சாலையில் இருக்கும் தேயிலைத் தோட்டத்து ஊர். தேனிப் பக்கமிருந்து வருபவர்கள் கம்பம், குமுளி, வண்டிப்பெரியாறு, குட்டிக்கானம் என்று வரலாம். கம்பம்மெட்டு ஏறிக் கட்டப்பனை வழியாகவும் வரலாம். வாகமண் இங்கிருந்து அரைமணி நேரப் பயணம். மொழிச் சிக்கல் இல்லை. தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். கடைத்தெருவில் தமிழிலேயே வழி கேட்கலாம்.

மூணாறு, குரங்கணி என்று பெயர்பெற்ற இடங்கள் இருக்கும்போது ஏன் இங்கே? காரணம் எளிது: இந்த இரண்டு மாதங்களில் அவற்றில் பல மூடியிருக்கும். வரையாடு குட்டி போடும் காலம் என்பதால் இரவிகுளம் தேசியப் பூங்காவை வழக்கமாக பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுவார்கள். தமிழக வனத்துறை 2024இல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ பாதைகளும் காட்டுத்தீ அபாயத்தால் 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடப்பட்டன.

அப்படியானால் இங்கே எதில் நடக்கலாம்? வாகமண்ணின் மொட்டைக்குன்றுகளில் (மரமில்லாத புல்மேடுகளில்) தொடங்குங்கள். ஏற்றம் மெதுவானது, முழங்கால் வலி உள்ளவர்களும் பாதி தூரம் போகலாம். கோலாகலமேட்டில் கண்ணாடிப் பாலம் இருக்கிறது. அங்கே நிற்கிற நேரம்தான் அதிகம், நடக்கிற நேரம் குறைவு. நடக்க வந்தவர் அதைத் தவிர்த்தால் ஒரு காலைப்பொழுது மிஞ்சும்.

வாகமண்ணில் கிறிஸ்தவர்களின் குரிசுமலை, இஸ்லாமியர்களின் தங்கள்பாறை, இந்துக்களின் முருகன்மலை ஆகிய மூன்று குன்றுகளும் பக்கம்பக்கமாக நிற்கின்றன. மூன்றிலும் ஏறலாம். பெரிய வெள்ளியன்று மட்டும் குரிசுமலையில் சிலுவைப்பாதைக்குப் பெருங்கூட்டம் ஏறும்; அமைதியாக நடக்க நினைப்பவர்கள் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள்.

பீருமேட்டுப் பக்கம் பருந்துப்பாறையும் குட்டிக்கானத்துக்குக் கீழே பாஞ்சாலிமேடும் காட்சி முனைகள். நடை குறைவுதான், ஆனால் விளிம்புக்கு அப்பால் கிடுகிடு பள்ளம். மூடுபனி இறங்கினால் சில நிமிடங்களில் பத்தடி தூரம்கூடத் தெரியாமல் போய்விடும். அப்போது நகராதீர்கள், உட்கார்ந்துவிடுங்கள், பனி விலகும்.

தேயிலைத் தோட்டத்துக்குள் நடக்கலாமா? வழி அழகானதுதான், ஆனாலும் அது தனியார் நிலம். வாசலில் காவலாளியிடமோ கொழுந்து கிள்ளுகிறவர்களிடமோ கேட்டுவிட்டுப் போங்கள். ‘இன்னைக்கு அந்தப் பக்கம் மருந்து அடிக்கிறாங்க’ என்று யாராவது சொன்னால் திரும்பிவிடுங்கள். அதிகாலையும் அந்தியும் வேண்டாம்; வறண்ட மாதங்களில் யானை தண்ணீர் தேடி இறங்கும். பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதியும் அவர்களுடைய வழிகாட்டியும் இல்லாமல் காலே வைக்கக்கூடாது.

இப்போது முக்கியமான விஷயம்: தீ. மழைக்காலத்தில் பச்சையாக இருந்த அதே புல் மாசியில் வைக்கோல் நிறத்துக்கு மாறியிருக்கும். மிதித்தால் நொறுங்கும். ஒரு பீடித்துண்டு போதும்.

2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன.

தீ தூரத்தில்தானே எரிகிறது, மேலே ஏறித் தப்பிக்க முடியாதா? இந்த எண்ணம்தான் ஆபத்து. அனல் மேல்நோக்கிப் போகும். சரிவில் மேலே நிற்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடும். அதனால் சமதரையைவிடச் சரிவில் தீ வெகுவேகமாக ஏறும், உங்களால் அதை முந்த முடியாது. புகையைக் கண்டதும், அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, அதன் வழியை விட்டுப் பக்கவாட்டிலோ கீழேயோ நகருங்கள். புல் இல்லாத வெறும் பாறை, சாலை, ஏற்கெனவே எரிந்து ஆறிய தரை ஆகியவை ஒதுங்க ஏற்ற இடங்கள். புதர் அடைத்த பள்ளத்துக்குள் இறங்காதீர்கள். 112ஐ அழையுங்கள். குன்றில் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பதால், எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதைத் தங்கும் இடத்தில் சொல்லிவைப்பது போனைவிட உதவும்.

உடை? பருத்தி. பாலியஸ்டர் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். முழுக்கால்சட்டை போட்டால் உண்ணிக்கடியும் குறையும். மொட்டைக்குன்றில் நிழல் கிடையாது, தொப்பி வேண்டும்.

எத்தனை மணிக்குள் இறங்க வேண்டும்? மதியம் பன்னிரண்டுக்குள். வெயில் ஒரு காரணம், இடி இன்னொன்று. பங்குனி பிறந்தால் சில நாட்களில் பிற்பகலில் திடீரென்று மேகம் கூடும். கோடைமழைக் காலத்தில் மதியம் 2 முதல் இரவு 10 மணி வரை மின்னல் குறித்து எச்சரிக்கையாக இருக்கும்படி கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் சொல்கிறது. மொட்டைக்குன்றின் உச்சியில் நீங்கள்தான் உயரமான பொருள். இடிச்சத்தம் கேட்டதும் இறங்குங்கள், தனிமரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

அந்த மழையால் ஒரு லாபமும் உண்டு. முதல் கோடைமழை பெய்து ஏழெட்டு நாளில் காப்பிச்செடிகள் கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ விடும், மல்லிகையைப் போல மணக்கும். இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். மழை பெய்ததா என்று தங்கும் விடுதியில் கேட்டுவிட்டுத் தேதியை முடிவு செய்யலாம்.

தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள், ஆளுக்கு இரண்டு லிட்டராவது வேண்டும். இந்த மாதங்களில் ஓடைகள் வற்றியிருக்கும். ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு, கேரள உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2025 அக்டோபர் 2 முதல் வாகமண் உள்ளிட்ட மலைச் சுற்றுலா இடங்களில் தடை.