சித்தவாக்கியத்துக்குப் பொருள் உண்டா?

பல்லாவரத்தை அடுத்த திருநீர்மலையில் எம்பெருமான் நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் ஸேவை ஸாதிக்கிறான். “மலைமேல் அரங்கநாதன் பள்ளிகொண்டுள்ளான்” என்று ஒருவர் சொன்னால், அவ்வாக்கியம் எவரையும் எதற்கும் ஏவவில்லை; உள்ளதை உரைக்கிறது. இத்தகைய சித்தவாக்கியத்தால் பொருளுணர்வு பிறவாது என்பது பிராபாகர மீமாம்ஸகர் பக்ஷம். பெரியவர் “பசுவைக் கொண்டு வா” என்ன, மற்றவர் கொண்டுவரக் கண்டே குழந்தை சொற்பொருள் கற்கிறது. ஆதலால் காரியத்தோடு இயைந்த பொருளிலேயே சொல்லுக்குச் சக்தி உண்டு என்பர். இது நிலைபெறின், சித்தவஸ்துவான பிரஹ்மத்தை வேதாந்தம் உணர்த்த இயலாது, பிரஹ்மவிசாரமே தொடங்காது. எனவேதான் ஸ்ரீபாஷ்யத்தின் முதல் அதிகரணத்திலேயே எம்பெருமானார் இப்பக்ஷத்தை நிராகரிக்கிறார்.

அவருடைய ஸமாதானம் மிக எளியது. தாய்தந்தையர் விரலால் சுட்டி, இவர் மாமன், இது பறவை, அது சந்திரன் என்று பலகால் காட்டுகின்றனர். குழந்தையும் சொல்லைப் பொருளோடு இணைத்து அறிகிறது. இங்கு ஏவல் ஏது? மற்றோர் உதாரணமும் தருகிறார். “உன் தந்தை நலம்” என்று தேவதத்தனிடம் அறிவிக்குமாறு ஒருவன் கைச்சைகையால் பணிக்கப்படுகிறான். சைகையறிந்த வேறொருவன் பின்சென்று, அவன் வாய்விட்டுச் சொல்வதைக் கேட்டு, இச்சொற்கள் இப்பொருளன என்று தெளிகிறான்.

பொருள் உண்டாயினும் பயன் உண்டோ என்னும் வினாவை நான்காம் அதிகரணத்துக்கு ஒதுக்கியமை நோக்கத்தக்கது. இவ்விரண்டையும் அவர் குழப்புவதில்லை. விளையாட்டில் வழிதவறிய ராஜகுமாரன், தந்தை யாரென்றறியாமல் ஓர் அந்தணரிடம் வளர்ந்து 16 வயதடைகிறான். உன் தந்தை பேரரசர், உன்னைக் காண விழைந்திருக்கிறார் என்று நம்பத்தக்க ஒருவர் சொல்லக் கேட்டு, அக்கணமே பேரானந்தம் எய்துகிறான். மகன் உயிரோடிருப்பது கேட்ட அரசனும் அவ்வாறே. தேடலும் கூடலும் பின்னர்.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வினா வேறுருவில் எழுந்தது. புலனனுபவத்தால் சோதிக்க இடமற்றதும், சொற்பொருள் அளவிலேயே மெய்யாகாததுமான கூற்று பொய்யன்று, பொருளற்றது என்று 1936-இல் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஏ. ஜே. அயர் எழுதினார். இதன்படி ஆஸ்திகன் கூற்றோடு நாஸ்திகன் கூற்றும் சேர்ந்தே வீழும். இவ்வளவுகோல் தன் சோதனையில் தானே தேறுமா என்ற ஆக்ஷேபம் மேலைநாட்டிலேயே எழுந்தது; அது நிற்க.

திருநீர்மலை ஏறுபவனுக்குத் திருமேனி கண்ணுக்கு இலக்காகும். கிடப்பவன் ஜகத்காரணன் என்பது இலக்காகாது. இதை எம்பெருமானார் மறுக்கவில்லை; அனுமானத்தாலும் ஈச்வரன் சித்திக்கமாட்டான் என்று மூன்றாம் அதிகரணத்தில் விரிவாக நிறுவுகிறார். அயர் பொருளின்மை காணுமிடத்தில் அவர் சாஸ்திரத்தின் தேவையைக் காண்கிறார்: பிற பிரமாணங்களுக்கு எட்டாததை அறிவித்தலாலேயே அது ஸபலமாகிறது.

சந்திரனைப்போல் பிரஹ்மத்தை விரலால் சுட்டியவர் இல்லையே, அச்சொல்லின் பொருள் எங்ஙனம் விளங்கும் எனில், பெருமை என்பது உலகவழக்கில் கற்ற பொருளே. அப்பெருமை ஸ்வரூபத்திலும் குணங்களிலும் எல்லையற்றதாக எவனுக்கு உண்டோ, அவனிடமே பிரஹ்மசப்தம் முக்கியமாகப் பொருந்தும் என்பது பாஷ்யம்.