மூச்சின் வழி தெரிந்தவரிடம் மூக்கைக் கொடுங்கள்

கண்ணுக்குக் கீழே, மூக்கை ஒட்டிய கன்னத்தில் இரண்டு விரல்களை வைத்துக் காதுப் பக்கமாக மெல்ல இழுங்கள். அப்படியே மூச்சை உள்ளே இழுத்துப் பாருங்கள். பலருக்கு அந்தப் பக்கத்தில் காற்று சட்டென்று தாராளமாகப் போகும். காது, மூக்கு, தொண்டை மருத்துவர்கள் இதைக் ‘காட்டில்’ (Cottle) சோதனை என்பார்கள். நீங்கள் இழுத்தபோது மூக்கினுள் இருக்கும் ஓர் இடுக்கு சற்றே அகன்றது, அவ்வளவுதான். மூக்கின் வடிவத்தை மாற்றிக்கொள்ள மருத்துவரைத் தேடுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த இடுக்கைப் பற்றித்தான்.

மூக்கின் மேல் பகுதியில் மட்டுமே எலும்பு இருக்கிறது. அதற்குக் கீழே எல்லாம் குருத்தெலும்பு. கூடாரத்தின் நடுக்கால் போல இடைச்சுவர் நிற்கிறது. அதன் மேல் விளிம்பிலிருந்து இருபுறமும் மெல்லிய குருத்தெலும்புத் தகடுகள் சரிந்து இறங்குகின்றன. தகடும் சுவரும் சேரும் கோணம் பலருக்கு 10 முதல் 15 பாகைதான். மூக்கின் காற்றுப்பாதையில் மிகக் குறுகலான இடம் இது. மருத்துவர்கள் இதை உள்வால்வு என்கிறார்கள். மூச்சுப்பாதை முழுவதிலும் காற்று சந்திக்கும் தடையில் ஏறத்தாழப் பாதி மூக்கிலேயே இருக்கிறது. அதிலும் பெரும்பங்கு இந்த வால்வைச் சேர்ந்தது.

குறுகலான பாதையில் சிறு மாற்றமும் பெரிய விளைவைத் தரும். நேரான குழாயில் காற்று சீராகப் பாயும்போது, குழாயின் ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகிறது. மூக்கு அவ்வளவு நேரான குழாய் அல்ல. என்றாலும் ஒரு மில்லிமீட்டர் கூடுவதும் குறைவதும் அங்கே ஏன் அத்தனை முக்கியம் என்பது இதிலிருந்து புரியும். இன்னொன்றும் உண்டு. இடுக்கில் நுழையும் காற்று வேகமெடுக்கிறது; வேகம் கூடினால் அழுத்தம் குறைகிறது; அழுத்தம் குறைந்தால் பக்கச்சுவர்கள் உள்நோக்கி இழுபடுகின்றன. குருத்தெலும்பு உறுதியாக இருந்தால் தாங்கும். வலுவிழந்திருந்தால், ஆழ்ந்து மூச்சிழுக்கும் ஒவ்வொரு முறையும் சுவர் ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கும்.

மூக்குத்தண்டில் உள்ள மேட்டைக் குறைத்துக் கொடுங்கள் என்பது அடிக்கடி கேட்கப்படும் கோரிக்கை. வெளியிலிருந்து பார்த்தால் சீவி எடுத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அந்த மேடு வெறும் எலும்பு அல்ல. தகடுகள் இடைச்சுவரோடு இணையும் கூரையும் அதில் அடக்கம். கூரையை எடுத்துவிட்டுத் தகடுகளை அப்படியே விட்டால், அவை காலப்போக்கில் உள்ளே சரியலாம். பக்கத்தோற்றம் நேராகிவிடும், மூச்சு முட்டத் தொடங்கும். அமெரிக்க அறுவை மருத்துவர் ஜாக் ஷீன் 1984இல் இதற்கொரு வழியை விவரித்தார். தீக்குச்சி அளவிலான குருத்தெலும்புத் துண்டுகளை இடைச்சுவருக்கும் தகடுகளுக்கும் இடையே வைத்துத் தைத்தால், கோணம் திறந்தே இருக்கும். அந்தத் துண்டுகளைப் பெரும்பாலும் இடைச்சுவரிலிருந்தே வெட்டி எடுக்கிறார்கள். அப்போதும் மேல் விளிம்பிலும் முன் விளிம்பிலும் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் அகலப் பட்டையைத் தொடாமல் விடவேண்டும். அது போனால் மூக்கு நடுவில் குழிந்துவிடும்.

தோலும் கணக்கில் சேரும். மூக்கின் தோல் எங்கும் ஒரே தடிமனில் இல்லை. புருவங்களுக்கு நடுவே தடித்தும், எலும்பு முடியும் இடத்தில் மெலிந்தும், நுனியில் மீண்டும் தடித்தும் இருக்கிறது. ஆகவே உள்ளே அச்சாக நேர்க்கோடு செதுக்கினால் வெளியே நடுவில் பள்ளம் தெரியும். வெளியே நேராகத் தெரியவேண்டுமானால் உள்ளே மெல்லிய மேட்டை விட்டுவைக்கத் தெரிந்த கை வேண்டும்.

இந்தக் கலையின் மிகப் பழைய விவரிப்புகளில் ஒன்று சுஸ்ருத சம்ஹிதையில் இருக்கிறது. இலையால் மூக்கை அளந்து, அந்த அளவுக்குக் கன்னத்துத் தோலைக் கிளப்பி, அறுபட்ட மூக்கின்மேல் பொருத்தச் சொல்கிறது அந்நூல். கூடவே இரண்டு குழாய்களை உள்ளே வைக்கவும் சொல்கிறது. நூற்றாண்டுகள் கழித்து, 1792இல் திப்புவின் படையிடம் சிறைப்பட்டு மூக்கை இழந்த காவஸ்ஜி என்ற மாட்டு வண்டிக்காரருக்குப் புனே அருகே செங்கல் சூளைக் குலத்தைச் சேர்ந்த ஒருவர் புதிய மூக்கு அமைத்தார். மெழுகில் அளவெடுத்து, நெற்றித் தோலைத் திருப்பி இறக்கிப் பொருத்தும் முறை அது. 1794 அக்டோபரில் லண்டன் இதழொன்று வெளியிட்ட செய்தியில், காற்று போகும் வழி மூடிவிடாதிருக்க மூக்கினுள் துணித்திரி வைத்ததும் குறிப்பிடப்பட்டிருக்கிறது. முகத்துக்கு மூக்கைத் திருப்பித் தந்தவர்கள் அந்த மூக்கு சுவாசிக்கவும் வேண்டும் என்பதை மறக்கவில்லை. அந்தச் செய்தியைப் படித்து வியந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஜோசப் கார்ப்யூ, சடலங்களில் நெடுங்காலம் பயின்ற பிறகே 1814இல் லண்டனில் ஓர் உயிருள்ள முகத்தில் கத்தி வைத்தார்.

இன்று மருத்துவரைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கும் பயிற்சி, மூச்சின்மீது அக்கறை என்ற இதே அளவுகோல்கள் போதும். முதலில் பயிற்சி. நம் நாட்டில் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஹெச். அல்லது அதற்கு இணையான பட்டம் பெற்றவர்களும், மூக்கு அறுவையில் தனிப்பயிற்சி பெற்ற இ.என்.டி. மருத்துவர்களும் இதைச் செய்கிறார்கள். மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இந்த அறுவையை எவ்வளவு அடிக்கடி செய்கிறீர்கள், மறு அறுவை தேவைப்பட்டால் யார் செய்வார்கள், மயக்க மருந்து தருபவர் யார் என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். உங்களைப் போன்ற தோலும் மூக்கும் உள்ளவர்களின் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் எடுத்தவை போதாது. வீக்கம் முழுக்க வடிய ஓராண்டு ஆகலாம், நுனியில் இன்னும் தாமதமாகும். ஓராண்டு கழிந்த படமே உண்மையான முடிவு.

செல்பியை நீட்டி இந்த மூக்கை மாற்றுங்கள் என்று கேட்கிறவரிடம் சற்றுப் பொறுங்கள் என்று சொல்கிற மருத்துவரை நம்பலாம். 12 அங்குலத் தூரத்தில் எடுத்த செல்பியில், 5 அடித் தூரத்துப் படத்தைவிட மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கேமராவின் குறைக்கு முகத்தை அறுப்பது நியாயமில்லை. தேவையில்லாதபோது வேண்டாம் என்று சொல்வதும் மருத்துவத் திறமைதான்.

ஒரு நாளில் சுமார் 20,000 முறை மூச்சு விடுகிறோம். அந்த மூச்சின்மீது அக்கறை இருக்கிறதா என்று அறிய, முதல் சந்திப்பில் மருத்துவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். விளக்கைப் பிடித்து மூக்கினுள் பார்க்கிறாரா? தூங்கும்போது மூச்சு அடைக்கிறதா, ஒவ்வாமை உண்டா, முன்பு அடிபட்டதா என்று கேட்கிறாரா? கன்னத்தை இழுத்து மூச்சுவிடச் சொல்கிறாரா? இவற்றில் எதுவும் செய்யாமல் கணினித் திரையில் புது மூக்கை மட்டும் வரைந்து காட்டினால், நன்றி சொல்லி எழுந்து வந்து இன்னொருவரைப் பாருங்கள்.